முதலில் வந்தவளை வெட்டி எடுத்தவனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றித்தான் மீதிக் கடிதம். நீயும் மருமகளும் பேரனும் சுகமா, அவனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா, முளைக்கிற இடத்தை நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கப் போகிறான், பார்த்துக்கொள். உங்க அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடும். அக்காவை ஆஸ்பத்திரி லாண்டரியில் மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள், மேற்பார்வை என்றால் கை நனையாது என்று நினைத்தோம், அதெல்லாம் பேச்சுக்குத்தான், ஆள் வராத அன்றைக்கு அவள்தான் போர்வை அலசுகிறாள், விரல் எல்லாம் சோப்பில் ஊறி வெளுத்துக் கிடக்கிறது. மாப்பிள்ளை லாரியோடு போனவர் மாசக் கடைசியில்தான் வருவார். மிச்சம் இருக்கிறது உன் அக்கா மகள், தவழ்ந்த காலத்தில் ஓரிடத்தில் நிற்காமல் சுவரோரமாகவே ஓடுகிறாள் என்று நீதானே கட்டெறும்பு என்று பேர் வைத்தாய், அந்தக் கட்டெறும்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன்னிடம் எதை முழுசாகச் சொல்ல முடிந்திருக்கிறது, நான் வாயைத் திறந்ததும் அம்மா ஒரு நிமிஷம் லைவ் போகுது என்பாய், அந்த ஒரு நிமிஷம் முடிந்து நீ திரும்பக் கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை. டிவி சேனலில் படத்தை வெட்டி வெட்டி ஒட்டுகிற வேலை பார்க்கிறவன் போனையும் வெட்டிவிடுகிறாய். காகிதத்தில் எழுதியதை அப்படி வெட்ட முடியாது பார், அதனால் அஞ்சாங் கிளாஸோடு நின்றுபோன எழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். என் எழுத்தில் இருக்கிற பிழையை நீ திருத்திப் படித்துக்கொள், நீ செய்ததில் இருக்கிற பிழையை நான் சொல்கிறேன்.

போன மாசம் நடந்த வேக நடைப் போட்டியில் நம் பிள்ளை முதலில் வந்தது உனக்குத் தெரியும். எப்படி வந்தாள் என்பது தெரியாது, ஏனென்றால் உங்கள் சேனலில் அதை யாரும் பார்க்கவில்லை. எத்தனையோ ஊரிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள், பழைய கிடங்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ரோட்டை மறித்துச் சுற்றிச் சுற்றி நடக்க விட்டார்கள். நான் பாட்டிலும் ஈரப் பஞ்சும் நீட்டுகிற மேசையில் நின்றேன். கோச் அம்மா என்னை நிற்கச் சொல்லவில்லை, நானாகப் போய் நின்றேன், யாரும் போ என்று சொல்லவில்லை. அந்த விளையாட்டுக்கு இரண்டே சட்டம்தான், ஒரு கால் தரையைத் தொட்ட பிறகுதான் மற்றக் கால் தரையை விட வேண்டும், இரண்டு காலும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றால் அது ஓட்டம். முன்னால் வைக்கிற காலில் முழங்காலும் மடங்கக் கூடாது. இப்படி வேகமாக நடந்தால் இடுப்பு ஆடாமல் என்ன செய்யும், நீயே எழுந்து அறைக்குள் நடந்து பார், ஆடுகிறதா இல்லையா என்று தெரியும். வழி நெடுக நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சந்தேகம் வந்தால் மஞ்சள் மட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், நிஜமாகவே தப்பு என்றால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். ஓரத்தில் ஒரு பலகை இருக்கிறது, யாருக்கு எத்தனை சிவப்பு என்று அதில் தெரியும். மூன்று வந்தால் வெளியே போ என்று அர்த்தம். நம் பிள்ளைக்கு இரண்டு வந்துவிட்டது. முன்னால் போனவள் ஒரு நெட்டைப் பெண், இவள் காலை எட்டிப் போட்டால் அவளைப் பிடிக்கலாம், எட்டிப் போட்டால் கால் தரையை விட்டுவிடும், மூன்றாவது அட்டை வந்துவிடும். கடைசிச் சுற்றில் இவள் அந்தப் பலகையை ஒரு பார்வை பார்த்தாள், நெட்டைப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள், நான் நீட்டிய பாட்டிலைத் தட்டிவிட்டுப் போனாள் பார், என் முழங்கை வரை நனைந்துவிட்டது. எட்டிப் போடாமலே போய்ப் பிடித்தாள். அந்த வயசில் அந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

உங்கள் சேனல் கேமராக்காரன் அப்போது எங்கே இருந்தான் தெரியுமா. வந்திருந்தான், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்து வளைவில் ஒரு முக்காலி போட்டுப் பெண்களின் பின்பக்கமாகத் தாழ வைத்துப் பிடித்தான், நான் போய் ஏன் தம்பி முகம் அந்தப் பக்கம்ல இருக்கு என்று கேட்டேன், அம்மா ஓரமா நில்லுங்க என்றான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன், மேலுதட்டில் ஒரு தழும்பு, பச்சைத் தொப்பி. பாதிப் போட்டியில் அவனுக்குப் போன் வந்தது, முக்காலியை மடக்கினான். முடியவே இல்லையே, எங்கே போறே என்று கேட்டேன். கிரிக்கெட் டீம் ஏர்போர்ட்ல இறங்குதாம், போகணும் என்றான். அவர்கள் அங்கே விளையாடப் போகிறார்களா, இல்லை, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியாக வெளியே வருவார்கள், அதைப் பிடிக்கப் போனான். அன்றைக்கு ராத்திரி செய்தியில் அதைக் காட்டினீர்கள், உங்க அப்பா பார்த்தார், நானும் பக்கத்தில் இருந்தேன், ஆறேழு ஆம்பளைகள் பெட்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தன் பெட்டியில் சக்கரம் சிக்கிக்கொண்டது, அதைத் திரும்பவும் மெதுவாகக் காட்டினீர்கள். பெட்டி தள்ளுகிறதுக்கு நேரம் இருக்கிறது, நடக்கிறவளுக்கு இல்லை.

மறுநாள் சாயங்காலச் செய்தியில் நம் போட்டி வருகிறது என்று கோச் அம்மா சொன்னாள். நான் சும்மா இருந்தேனா, மாடியில் இருக்கிற எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினேன், கீழே சலூன்காரரிடம் சொன்னேன், அவர் கடையில்தான் பெரிய டிவி இருக்கிறது, அவரும் நல்ல மனுஷன், வெயிட்டிங் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டார். எதிர்ப்பக்கம் துணி தைக்கிறவள் வந்தாள், அவள் ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியும், நம் வீட்டில் நல்லது நடந்தால் அது நிஜம்தானா என்று பார்க்க வருவாள், அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தாள். விளையாட்டுச் செய்தி முழுக்கக் கிரிக்கெட். யார் ஆடுவான், யார் ஆட மாட்டான், யாருக்கு விரல் வீங்கியிருக்கிறது, கோட்டுப் போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடக்காத மேட்சைப் பற்றி விடியவிடியப் பேசுகிறவர்கள் மாதிரி பேசினார்கள். எல்லாம் முடிந்து, போகும்போது சிரிச்சுட்டுப் போங்க என்று ஒன்று போடுவீர்களே, குரங்கு தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது, பூனை வாளிக்குள் விழுகிறது, அந்த இடத்தில் வந்தது நம் போட்டி. பின்பக்கம் மட்டும். அடியில் வாத்துச் சத்தம். வாத்துங்க வரிசையில வருதுங்க என்று எழுத்து வேறு. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சிரித்த சிரிப்பில் சலூன்காரர் கத்தியை எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டார், அறுத்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். அதுகூடப் போகட்டும். சலூன்காரர் திரும்பி, ஏம்மா, நம்ம பொண்ணைக் காணோமே, நெட்டையாத்தானே ஒண்ணு முன்னால போகுது என்றார். தையல்காரி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, கப்பு இப்ப கடையிலேயே விக்கிறாங்க, பேரு கூட அடிச்சுத் தராங்க என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அன்றையிலிருந்து அவளிடம் ஒரு கிழிசல்கூடத் தைக்கக் கொடுப்பதில்லை. உங்க அப்பா கைலியை அவரே கோணல்மாணலாகத் தைத்துக் கட்டுகிறார், கட்டட்டும்.

இதெல்லாம் சேனல்காரர்கள் செய்தது, என் பிள்ளைக்கு இதில் என்ன பங்கு இருக்கப் போகிறது என்றுதான் நானும் இருந்தேன். அக்கா உனக்குப் போன் செய்து ஏன்டா அவளைக் காணோம் என்று கேட்டாளே, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்திருந்தாள், நீ என்ன சொன்னாய் என்று ஒரு எழுத்து விடாமல் நான் சொல்கிறேன் கேள். அக்கா, அது காமெடிக்குப் போகுதுன்னு தெரிஞ்சதுமே நான்தான் உட்கார்ந்து நம்ம கட்டெறும்பு வர்ற இடத்தை எல்லாம் வெட்டி எடுத்துட்டேன், ஊரே நம்ம பொண்ணைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுல்ல, வேற யாரா இருந்தாலும் செய்ய மாட்டாங்க, நான் செஞ்சேன் என்றாய். பெருமையாகச் சொன்னாய். அக்காவும் என் தம்பி எவ்வளவு யோசிக்கிறான் பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளை என்ன சொல்ல, உன் விஷயத்தில் அவளுக்கு எப்போதும் கண் தெரியாது. பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழுவிக்கொண்டிருந்த கட்டெறும்பு காதிலும் அது விழுந்தது. அழவில்லை. கழுவுவதையும் நிறுத்தவில்லை, அடியில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே, பாட்டி, மாமாவுக்கு நான் நடக்கிறது வெட்கமா இருக்கா என்று கேட்டாள். மறுநாள் கோச் அம்மாவிடம் இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்போது புரிகிறதா. தெருவில் பையன்கள் பின்னாலேயே இடுப்பை ஆட்டிக்கொண்டு வாத்து வாத்து என்று வந்தார்கள், அதை அவள் தாங்கினாள். ஒருத்தனைத் திரும்பிப் பார்த்து, நீ நடக்கிறது தப்பு, உனக்கு ரெட் கார்டு என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். நெட்டைப் பெண்தான் ஜெயித்தாள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள், அதையும் தாங்கினாள். சொந்த மாமா அவளைப் பார்த்து இது சிரிக்கிற சமாச்சாரம் என்று ஒத்துக்கொண்டானே, அதுதான் அவளை உட்கார வைத்தது. நீ கத்தரிக்கோலை எடுத்து நம் பிள்ளையை மட்டும் வெட்டினாய் என்றால் மற்றப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதானே அர்த்தம், அவர்களுக்கு மாமன் இல்லையா, அவர்களுக்கு வீடு இல்லையா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முதலில் வந்தவளைப் போட்டியிலேயே மறைத்தவன் நீ ஒருத்தன்தான். உங்க அப்பா சொல்கிறார், அவன் அங்கே சின்ன ஆளுடி, மேலே இருக்கிறவன் சொல்றதைத்தான் செய்வான் என்று. சின்ன ஆள் வெட்டுகிறபோது மட்டும் எப்படிப் பெரிய ஆளானான் என்று கேட்டேன், அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

நீ எப்போதும் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம், ஜனங்க பார்க்கிறதைத்தானே அம்மா போட முடியும், ரேட்டிங்னு ஒண்ணு இருக்கு. சரி, நான் படிக்காதவள், கேட்கிறேன், காட்டாததை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள். பரிமாறாத இலையைப் பார்த்து இவனுக்குப் பசியே இல்லை என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. இந்தக் கிரிக்கெட்டே இந்த வீட்டுக்குப் பிறந்த பிள்ளையா, அதுவும் வந்து ஏறியதுதானே. நான் கல்யாணமாகி வந்தபோது உன் பாட்டிக்கு அது என்ன என்றே தெரியாது, கட்டையை வைத்துக்கொண்டு நாள் பூராவும் நிற்கிறானே, இவனுக்கு வேலை வெட்டி இல்லையா என்பாள். ரேடியோவில் சொல்லிச் சொல்லி, டிவியில் காட்டிக் காட்டி, கோடு போட்டு வட்டம் போட்டு, அவளே கடைசிக் காலத்தில் எல்பிடபிள்யூ கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது, படாமல் இருந்தால் எங்கே போயிருக்கும், இவ்வளவு சிக்கலான சட்டம் காய் விற்கிறவளுக்குக்கூடத் தெரிகிறது. ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்கிற சட்டம் யாருக்கும் புரியாதாம். சொல்லாமல் எப்படிடா புரியும். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நீ பிறந்த அன்றைக்கு நர்ஸ் வந்து உங்க அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டாள், மனுஷன் வராந்தாவில் எவனோ வைத்திருந்த ரேடியோவை விட்டு நகரவில்லை, விக்கெட் விழுந்த பிறகுதான் உள்ளே வந்து உன் முகத்தைப் பார்த்தார். அதை நான் இன்னும் அவர் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன், நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஒரு வருஷம் அடைமழை, மேட்ச் நின்றுவிட்டது, மைதானத்தில் தார்ப்பாயைத்தான் எவ்வளவு நேரம் காட்டுவீர்கள், வேறு வழியில்லாமல் பளு தூக்குகிற போட்டி ஒன்றைப் போட்டீர்கள். சலூனில் கிரிக்கெட் பார்க்க வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்தது. ஒரு குள்ளமான பெண் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் கால் நடுங்க நின்றபோது கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை, அவள் கீழே போட்டதும் எல்லாரும் சேர்ந்து ஹப்பாடா என்றார்கள். அந்த வாரம் முழுக்கத் தெருப் பிள்ளைகள் துடைப்பக் கட்டையின் இரண்டு பக்கமும் வாளியை மாட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தன, நம் கட்டெறும்பும் தூக்கினாள், என் புது வாளி விரிசல் விட்டது. மழை நின்றது, கிரிக்கெட் வந்தது, அந்தக் குள்ளப் பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. பிள்ளைகளும் வாளியைக் கீழே வைத்துவிட்டன. அப்போ ஜனங்களுக்குப் பிடிக்காமல் போனதா, நீங்கள் காட்டுவதை நிறுத்தினீர்களா. மற்ற விளையாட்டுக்காரர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழை வருமா வருமா என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா. ரேட்டிங் எண்ணுகிறவன் இந்தத் தெருப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை, வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

இதையெல்லாம் வேறு யாரிடமாவது சொன்னால் புரியாது, உனக்குப் புரிய வேண்டும். நீ காலேஜ் ஹேண்ட்பால் டீமில் கோல் போஸ்ட்டில் நின்றாயே, அந்தக் கடைசி மேட்சைப் பார்க்க வந்தவர்கள் நானும், கேட்டைப் பூட்டக் காத்திருந்த வாட்ச்மேனும், ஒரு நாயும். நாய்கூடப் பாதியில் போய்விட்டது. நீ மூக்கில் அடி வாங்கி ரத்தத்தோடு பந்தைத் தடுத்தாய், யாரும் கை தட்டவில்லை, நான் ஒருத்தி தட்டினேன், வாட்ச்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வருகிற வழியில் பஞ்சை மூக்கில் அடைத்துக்கொண்டு, நான் மட்டும் டிவியில போய் உட்கார்ந்தேன்னா எல்லா ஆட்டத்தையும் காட்டுவேன்மா என்றாய். போய் உட்கார்ந்தாய். உட்கார்ந்து என்ன செய்தாய் என்று மேலே எழுதிவிட்டேன்.

சரி, திட்டுவதற்கு மட்டும் கடிதம் எழுதவில்லை, நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். கோச் அம்மாவின் வீட்டுக்காரர் போட்டியை முதலிலிருந்து கடைசி வரை தன் போனில் பிடித்து வைத்திருந்தார், கை நடுங்கியிருக்கிறது, நடுவில் அவர் கட்டைவிரல்கூடத் தெரிகிறது, ஆனாலும் கடைசிச் சுற்று முழுக்க இருந்தது, பலகையும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு சலூன்காரரிடம் போனேன். நாங்கள் பொய் சொன்னோம் என்று நாலு பேர் நினைத்துக்கொண்டிருக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது கிரிக்கெட் மேட்சில் சாப்பாட்டு இடைவேளை, கடை நிறையக் கூட்டம், அவர் போனை டிவியோடு சேர்த்துப் போட்டுவிட்டார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், வாத்து சத்தம் எங்கே என்று ஒருத்தன் கேட்டான். நான் டிவி பக்கத்தில் போய் நின்று, சத்தம் போடாதே, அந்தப் பலகையைப் பாரு, அவளுக்கு ரெண்டு சிவப்பு, இன்னொண்ணு வந்தா அவ்வளவுதான் என்றேன். அப்படியா என்றான் ஒருத்தன். அவ்வளவுதான், அப்புறம் ஒருத்தரும் இடுப்பைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் காலுக்குப் போய்விட்டது. பாதி முடி வெட்டிய தலையோடு ஒரு பெரியவர் எழுந்து நின்று, ஐயோ தூக்கிடாதே தாயி, தூக்கிடாதே என்றார். நெட்டையைப் பார்த்து, அவ தூக்கினா, நான் பார்த்தேன், கார்டு குடுங்கய்யா என்று இன்னொருத்தன் கத்தினான். எங்கே தூக்கினா, உனக்குக் கண்ணு பொட்டையா என்று மற்றொருத்தன் சண்டைக்குப் போனான். இதே வாயாலதான்டா சிரித்தார்கள்.

நடுவில் ஒருத்தன் என்னிடம் முழங்கால் விஷயம் கேட்டான், நான் எந்தக் காலும் எப்பவும் மடங்கவே கூடாது என்று அடித்துச் சொன்னேன். மடங்காம எப்படிம்மா நடக்க முடியும், மரக்கட்டையா என்றான். நான் விடவில்லை, சட்டம் அதுதான், நீ என்ன கண்டே என்றேன். அப்போது வாசலிலிருந்து ஒரு சத்தம், ஐயோ பாட்டி, தப்புத் தப்பாச் சொல்லாதே, முன்னால வைக்கிற கால்தான் நேரா இருக்கணும், அது உடம்புக்கு அடியில வர்ற வரைக்கும், பின்னால போனா மடக்கிக்கலாம் என்று. யார் போய்ச் சொன்னார்களோ, வந்து நின்றிருக்கிறாள். அத்தனை நாள் வீட்டில் ஆமாம் இல்லை என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள், நான் தப்பாகச் சொன்னது பொறுக்காமல் உள்ளே வந்து, சலூன் தரையில் முடி கிடக்கிறதே அதன் மேலேயே, நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நடந்து காட்டினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. டிவியில் அவள் நெட்டையைத் தாண்டியபோது கடையே கத்தியது, அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கடையிலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்தாள், எனக்கு அப்பவே தெரியும் என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் என்ன ஆயிற்று என்கிறாயா. இடைவேளை முடிந்தது, சலூன்காரர் திரும்பக் கிரிக்கெட்டைப் போட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, கடை அவருடையது. எல்லாரும் உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாதித் தலைப் பெரியவர் மட்டும், அடுத்த போட்டி எப்பம்மா, எந்தச் சேனல்ல வரும் என்று அவளிடம் கேட்டார். வராது தாத்தா என்றாள். ஏன் வராது என்றார். எங்க மாமா அங்கதான் இருக்காரு என்றாள். அது பதிலா, பழியா என்று பெரியவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அடுத்த மாசம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி, அதே ரோட்டில். அவள் பேரைக் கொடுப்பதற்கு வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி. இரண்டு நாளாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருப்பதை இன்றைக்கு மத்தியானம் பார்த்துவிட்டாள், யாருக்கு என்று கேட்டாள், உன் மாமனுக்குத்தான், நாலு திட்டு பாக்கி இருக்கிறது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள், சில இடத்தில் சிரித்தாள், ஹேண்ட்பால் இடத்தில் சிரிக்கவில்லை. படித்து முடித்து, பேரைக் கொடுத்துட்டேன் பாட்டி என்றாள், காலையிலேயே போய்க் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, அழுத்தக்காரி. அப்புறம், மாமாவுக்கு நான் சொன்னதா ஒண்ணு எழுது என்றாள். அவள் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன். வெட்டுறதா இருந்தா மொத்தப் போட்டியையும் வெட்டிடுங்க மாமா, காட்டுறதா இருந்தா என்னையும் சேர்த்துக் காட்டுங்க. வாத்துச் சத்தம் போட்டாலும் பரவாயில்லை. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், ஆனா நான் முதல்ல வந்தேன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சிரிக்கட்டும்.

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது. நீ நோய்நொடி இல்லாமல், மருமகளும் பேரனும் சிரித்த முகமாக, தொட்ட காரியம் நல்லபடி முடிந்து நீண்ட காலம் இருக்க வேண்டும், கோபமாக இருக்கிறேன் என்பதற்காகத் தாய் மனசு சபிக்காது, அந்த ஒரு விஷயத்தில் நீ பயப்பட வேண்டாம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலையில், மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. உங்கள் கேமராவை முன்பக்கம் வைக்கச் சொல், கடைசி ஆள் வந்து சேரும் வரை நிற்கச் சொல். பச்சைத் தொப்பிக்காரன் வேண்டாம், வேறு ஆளை அனுப்பு.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா